ஹோல்பெரியின் செவ்வாய்க்கிழமை

கலியாணப் பேச்சென்றால் என் கணவர் கிறிஸ்துநாயகத்தின் முதற்கேள்வி, "எந்த ஊர்?" என்பதுதான். டொரொண்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் குடியேறி எத்தனையோ வருடமாகியும் அந்தக் குணம் மாறவில்லை. எங்கள் மகள் றெபேக்கா, டானியல் என்ற வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டப்போவதாகச் சொன்னபோதும் அதைத்தான் கேட்டார்.

"ஹோல்பெரி. இங்கிலண்டில ஒரு மார்க்கெட் டவுன்," என்றாள்.

மனிதர் ஃபோனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு தெரு, ஒரு கோயில், ஒரு பாலம். தொள்ளாயிரம் சனம்.

"உது டவுனே? இஞ்ச மில்லிக்கனில ஒரு கடைப் பிளாசாவுக்குள்ள உதைவிடக் கூடச் சனம் நிக்கும். சும்மா புழுகுறாங்கள். நான் கலியாணத்துக்கு வரமாட்டன்."

றெபேக்கா அழவில்லை. அவளும் அப்பனுக்குப் பிறந்தவள்தான். "கலியாணம் நடக்கும், அப்பா. கோயிலுக்குள்ள கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக நீங்கள் வராட்டி, ஐ'ல் வாக் அலோன்," என்றுவிட்டு மாடிக்குப் போனாள். அன்றிலிருந்து இருவரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். நான் என்ன தபாற்கந்தோரா?

வரமாட்டேன் என்றவர் விசாரிப்பதை மட்டும் விடவில்லை. ஒஷாவாவில் இருக்கும் தன் சிநேகிதன் மரியோவைக் கேட்டார். அவன் லண்டனில் ஒருவரைச் சொன்னான், அவர் இன்னொருவரைச் சொன்னார். கடைசியில் ஹோல்பெரியிலேயே பெற்றோல் செட் நடத்தும் ஜோசுவா அகப்பட்டான். யாழ்ப்பாணத்தில் எங்கள் தீவுப் பக்கத்து ஆள். அந்தத் தொள்ளாயிரம் பேருக்குள்ளும் எங்களில் ஒருவன் இருந்தான்.

சம்பந்தம் விசாரிக்கிறவர் தான் யாரென்று சொல்லக்கூடாது. அது எங்களுக்குள் எழுதாத சட்டம். "தெரிஞ்ச ஆக்களுக்காகக் கேக்கிறன், தம்பி," என்று தொடங்கினார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நானும் பக்கத்தில் இருந்தேன்.

"கிராமமெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, அண்ணை. சண்டைக்கு வருவினம்," என்றான் ஜோசுவா. "எண்ணூறு வருசத்துக்கு முதல் ஒரு ராசா, கிழமைக்கொருக்காச் சந்தை வைக்கலாமெண்டு பட்டயம் குடுத்தவர். அதாலதான் டவுன். ஒரு செவ்வாய்க்கிழமை சந்தை தவறினாலும் அந்தத் தகுதி போயிடுமெண்டு இஞ்சத்தை ஆக்கள் நம்பினம். இண்டுவரைக்கும் தவறேல்லை."

"ஒருக்காலுமோ?"

"கொள்ளைநோயில பாதிச் சனம் செத்துதாம். அப்பவும் ஒரு மனிசி கூடை முட்டையோட தனிய வந்து இருந்ததாம். விக்க ஒருத்தர், வாங்க ஒருத்தர் இருந்தாச் சந்தைதானே."

எத்தனை ராசாக்கள் செத்திருப்பார்கள், எத்தனை சண்டை வந்து போயிருக்கும். அத்தனைக்குள்ளும் ஒவ்வொரு கிழமையும் யாரோ ஒருவர் எழும்பிச் சந்தைக்குப் போயிருக்கிறார். நானோ பனியைச் சாட்டி ஞாயிறு பூசைக்கே மட்டம் போடுகிறவள்.

"டானியல் எண்ட பெடியன்ர தகப்பன் எப்பிடி?" என்றார் இவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அவர்தான் இப்ப சந்தைப் பொறுப்பு. கொரோனா நேரம் ஒரு வியாபாரியும் வரேல்லை. இந்த மனுசன் செவ்வாய்க்குச் செவ்வாய் ஒரு மேசையும் கூடை முட்டையுமா குளிருக்குள்ள இருந்தவர். தெருவில ஒரு ஈ காக்கா இல்லை. நான்தான் செட்டில இருந்து போய் ஆறு முட்டை வாங்குவன்."

"நீயோ?"

"வாங்கவும் ஒருத்தர் வேணுமெல்லே, அண்ணை."

ராசா கொடுத்த பட்டயம் எங்கள் ஆள் ஒருவன் வாங்கிய ஆறு முட்டையில் நின்றிருக்கிறது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"ஆனா வாற செவ்வாய் அவர் சந்தையில இல்லை," என்றான் ஜோசுவா. "டொரொண்டோவுக்கு வாறார். ஊர் சின்னனெண்டு பொம்பிளையின்ர தகப்பன் கலியாணத்துக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறாராம். அந்தப் பிள்ளை தனிய நடக்கக்கூடாது, நேர போய் அந்த மனுசனைக் கேக்கப்போறன் எண்டு மேசையை என்னட்டத் தந்திட்டார். மேசைத் துணியையும் தோய்ச்சுத் தந்தவர். நான் விப்பன், என்ர மனிசி வாங்குவா. ஆரண்ணை அந்தத் தகப்பன்? உங்களுக்குத் தெரியுமோ?"

கிறிஸ்துநாயகம் என்னைப் பார்த்தார். படட்டும் என்று நான் இருந்தேன்.

"தெரியும்," என்றார் கடைசியில். "நான்தான் தம்பி."

ஜோசுவா மன்னிப்புக் கேட்கத் தொடங்க, இவர் இடைமறித்தார்.

"அவரை இப்ப வரவேண்டாமெண்டு சொல்லும். செவ்வாய்க்கிழமை அவர் தன்ர மேசையில இருக்கட்டும். கலியாணம் இஞ்சதானே, அதுவும் சனிக்கிழமை. வெள்ளி வந்திட்டு ஞாயிறு திரும்பலாம். எயார்போட்டுக்கு நானே கூட்டிக்கொண்டு போறன்." ஃபோனைக் கிட்ட இழுத்தார். "என்ர பிள்ளை தனிய நடக்கமாட்டாள் எண்டும் சொல்லும்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளிடம் செய்தியைக் கொண்டுபோக எழும்பினேன்.

"நீர் இரும்," என்றுவிட்டு அவரே மாடிப்படி ஏறினார்.