சூடேறினால் நிற்கும் ட்ரக்

"எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டு போ பிள்ளை. உன்ர சாமான் எனக்குச் சரிவராது" என்றார் மகேந்திரராசா. ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி ஊர்ப் பக்கம் சொந்தமாகப் பெரிய ட்ரக்குகள் ஓட்டுகிறவர்.

ஹபீஸா அசையவில்லை. அவள் அவருக்கு விற்றது, எஞ்சின் தண்டு எந்த நிலையில் சுற்றுகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார்; கட்டைவிரல் பருமன்தான். அது வாயை மூடினால் எவ்வளவு பெரிய ட்ரக்கும் ஃப்ரீவே நடுவே படுத்துவிடும். கம்பெனி சாமானுக்கு மாற்றாக அவளே சோதித்து, தன் பெயர் போட்டு விற்கிறாள். இவர் திருப்பிவிட்டார் என்று தெரிந்தால் ஹூஸ்டனில் வேறெந்த ட்ரக்குக்காரர் வாங்குவார்?

"வண்டி எப்ப நிக்குது அங்கிள்?"

"சூடேறினாப் பிறகு. காலமை நல்லா ஓடும். பத்து மைல் போனா செத்த பிணம்."

போன் அடித்தது. கணவர் அபுதாஹிர். "பேசாம வாங்கிட்டு வந்துடு ஹபீஸா. பெரியவர்கிட்ட மல்லுக்கு நிக்காதே."

"நிப்பேன். என் பேரு அதுல இருக்கு. வைங்க போனை."

முக்காட்டை இறுக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். சென்சாரில் வயர் செருகுகிற முனையைக் கழற்றினாள். உள்ளே வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

"இது என்ன அங்கிள், மாவா?"

"மாவில்லை, திருநீறு. புதுச் சாமான் எதெண்டாலும் தண்ணியில குழைச்சு மூண்டு விரலால பூசித்தான் பூட்டுவன். டயருக்கும் பூசுறனான், ஒண்டும் ஆகேல்லையே!"

ஹபீஸா அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நான் போய் இவர் சாமி சாம்பலைக் குறை சொல்வதா? சத்தமில்லாமல் துடைத்துவிட்டு வேறு காரணம் சொல்லலாமா? அப்படிச் சொன்னால் அடுத்த சென்சாருக்கும் பூசுவார்.

வெளியே வந்தாள். "பூசினது தப்பில்ல அங்கிள், பூசின இடம் தப்பு. இந்த ஊசிங்க வழியாத்தான் கரண்ட் போகுது. ஈரச் சாம்பல் அதுல பச்சைக் களிம்பு ஏற வெச்சிருக்கு. வண்டி சூடாகி அதிர்ந்தா தொடர்பு விட்டுப்போகுது."

"ஓ! எங்கட திருநீறு உனக்குப் பிடிக்கேல்லைப் போல."

"எங்க உம்மா ஓதி ஊதின தண்ணியை அதுல ஊத்தியிருந்தாலும் இதையேதான் சொல்லுவேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மீசைக்குள் அடக்கிக்கொண்டார். அவள் மறுபடி அடியில் புகுந்து, ஊசிகளில் களிம்பு நீக்கும் ஸ்ப்ரே அடித்து, பிரஷால் தேய்த்து, பளிச்சென்று ஆக்கிப் பூட்டினாள்.

"ஏறுங்க, ஓட்டிப் பாத்துடலாம்."

"நீயுமா?"

"நின்னா நானும் உங்களோட ரோட்டுல நிக்கிறேன்."

பத்து மைல் தாண்டியது. வெயில் உச்சியில் காய்ந்தது. இருபதும் தாண்டியது. யார்டுக்குத் திரும்பி நிறுத்தியும் எஞ்சின் சீராக உறுமிக்கொண்டிருந்தது.

"மத்த வண்டிங்களுக்கும் உள்ளதான் பூசினீங்களா?"

"ஓம்" என்றார் தணிந்த குரலில். "திருப்பி எடு எண்டதை மறந்திடு பிள்ளை. இனி எங்க பூசுறது?"

"மூடியில, போனெட்டுல, தாராளமா. ஊசிக்கிட்ட மட்டும் வேணாம்" என்றவள் அதற்குள் அடுத்த ட்ரக்குக்கு அடியில் இருந்தாள். "லைட்டைப் பிடிங்க அங்கிள். இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."