மேஸ்திரியின் நாக்கு

பஞ்சாட்சரம் மேஸ்திரிக்கு நாக்குதான் மீட்டர். தோலைப் போட்டுச் சுற்றும் டிரம்மில் உப்புத் தண்ணீர் கலக்கினால் விரலை விட்டு நக்கிப் பார்ப்பார். பதம் என்று அவர் சொன்னால் ஆசிடை ஊற்றவேண்டியதுதான். தோல் பதனிடும் எங்கள் ஆம்பூர் டேனரியின் முதலாளி நிசார் அஹமது பாய் அந்த நாக்கை வெளியூர் வியாபாரிகளுக்கெல்லாம் பெருமையாகக் காட்டுவார். லேபில் உப்பை அளக்கும் கண்ணாடி மீட்டரோடு உட்கார்ந்திருக்கும் இந்த பிரிசில்லாவை யார் மதித்தார்கள்?

தண்ணீரில் உப்பு போதுமான அளவு கரைவதற்கு முன் ஆசிட் ஊற்றினால் தோல் ஊதிப்போகும். போன வருஷம் அதுதான் நடந்தது. அன்றைக்கு டிரம் வேலை என் அண்ணன் இருதயராஜுக்கு. எட்டு மூட்டை கல்லுப்பையும் கொட்டினான். இருபது நிமிடம் சுற்றவேண்டிய டிரம்மை மேஸ்திரி ஐந்தே நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார். பாதி உப்பு கரையாமல் அடியில் கிடந்தது. அடியில் கிடக்கிற உப்பு எத்தனை மூட்டை இருந்து என்ன, கரைந்த உப்புதானே தோலைக் காப்பாற்றும்? அவர் நக்கினார், பதம் என்றார். ஆயிரம் ஆட்டுத்தோல் பாழ்.

பழி அண்ணன் தலையில் விழுந்தது. எட்டு மூட்டையில் பாதியை அவன் வெளியே விற்றுவிட்டான் என்று மேஸ்திரி சத்தியம் செய்தார். திருட்டுப்பட்டம் கட்டி அனுப்பினார்கள். அப்புறம் எந்த டேனரியும் அவனைச் சேர்க்கவில்லை. எங்கள் ஊர் மாதனூரில் சர்ச்சுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டான். அந்த ஆள் நாசமாய்ப் போகவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத ஞாயிறு கிடையாது.

வழி கேன்டீனில் கிடைத்தது. டீ போடும் மேகலா அக்கா ஒருநாள் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள். எல்லோரும் துப்பினோம். மேஸ்திரி மட்டும் ஊதி ஊதிக் கடைசி சொட்டுவரை குடித்தார். டீ நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் அவர் பத்து நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்த மறுவாரம்தான் அந்தத் தோல் ஊதியது. நாக்கு அப்போதே செத்திருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் கெடாததற்குக் காரணம், டிரம் ஆட்கள் பயந்துபோய் அரைமணி நேரம் சுற்ற விட்டதுதான்.

அடுத்த தடவை பாய் வியாபாரிகளை அழைத்து வந்தபோது மூன்று கிளாஸோடு போனேன். மூன்று டிரம்மின் தண்ணீர், எதில் உப்பு ஜாஸ்தி, எதில் கம்மி என்று மேஸ்திரியே சொல்லட்டும் என்றேன், பரம சாதுவாக. அவர் விரலை விட்டார். முதலாவது பதம். இரண்டாவதில் கம்மி, இன்னும் ஒரு மூட்டை வேண்டும். மூன்றாவதில் ஜாஸ்தி.

நான் முதல் இரண்டு கிளாஸையும் மடக் மடக்கென்று குடித்தேன்.

"இன்னாம்மா பண்றே, வாந்தி வரப்போவுது" என்றார் பாய்.

"வராது பாய். மூணுமே குடிக்கிற கேன் தண்ணி."

மூன்றாவதை பாயே வாங்கிக் குடித்துப் பார்த்தார். மேஸ்திரி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"காய்ச்சலுக்கப்புறம் எதுவுமே தெரியலம்மா. சொன்னா வேலை போய்டும்னு..."

பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விடுவேனா?

"எங்கண்ணனுக்குப் போச்சே, அது தெரிஞ்சிதா?"

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை எங்கள் சர்ச் வாசலில் நிறுத்தி, இருதயராஜ் திருடவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று ஊர் கேட்கச் சொல்லவைத்தேன். அண்ணன் அழுதான். அழுதுவிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து நாற்காலி போட்டான். அண்ணன் மனசு அப்படி.

டீ நான்தான் போட்டேன். மேஸ்திரியின் டம்ளரில், இனிமேல் கரையாது என்று அடியில் தங்குகிற வரைக்கும் உப்பு.

அவர் அண்ணனைப் பார்த்துக்கொண்டே குடித்தார். அடியில் தங்கியது பல்லில் நறநறவென்றதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மேஸ்திரி?" என்றேன்.

டம்ளரை நீட்டினார்.