யார் தட்டினாலும்

நான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன். பன்னிரண்டு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். டயாலிசிஸ் அறைக்குள் வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண் நின்றால் அவள் சிஸ்டர்தான் என்று நோயாளிகள் முடிவு கட்டிவிட்டார்கள். அன்றைக்கு நிஜ சிஸ்டர் வேலைக்கு வரவில்லை. பயம். அவளைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் பயம்தான். வீடு பக்கத்துத் தெருவில் இருந்ததால் சாக்குச் சொல்ல வழியில்லாமல் வந்தேன்.

ஐந்து நாளாக யாரோ சிலர் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பைக்கில் வந்து, கண்ணில் பட்டவர்களை வெட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பால் வாங்கப் போனவரை வெட்டினார்கள். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணை வெட்டினார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள் மட்டும் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். போலீஸ் வேன் ஒன்று, அவசியம் இல்லாமல் வெளியே வரவேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனது.

சிறுநீரகம் செத்துப்போனவனுக்கு எது அவசியம் என்று அந்த வேனுக்கு யார் எடுத்துச் சொல்வது? வாரத்துக்கு மூன்று தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும். அதற்கும் மேலே போனால் இதயம் நின்றுவிடும். வெட்டுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்தால் சொந்த ரத்தமே ஆளை முடித்துவிடும்.

அதனால் முந்தின நாள் சாயங்காலம் எல்லோருக்கும் போன் போட்டேன். கெஞ்சினேன், மிரட்டினேன், ஒருவரிடம் கத்தவும் செய்தேன். மூன்று பேர்தான் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். கணக்கு வாத்தியார், தையல்காரம்மா, பஸ் ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர். டிரைவருக்கு வழக்கமான நேரம் பன்னிரண்டு மணி. "மத்தியானம் தெரு வெறிச்சோடிடும் அண்ணே, நாலு பேர் நடமாடும்போதே பத்து மணிக்கு வந்துடுங்க," என்று அவருக்கு நான்தான் சொன்னேன். "நீங்க சொன்னா சரிம்மா," என்றார்.

காலையில் தையல்காரம்மா படியேறி வந்தபோது அவள் மூச்சு அறைக்குள் வரை கேட்டது. இரண்டு முறை தவறவிட்டிருந்தாள். கால் இரண்டும் தலையணை மாதிரி உப்பியிருந்தன. ஊசி ஏற்றும்போதும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வழியில ஒரு பைக் சத்தம் கேட்டுச்சு சிஸ்டர். அப்படியே சுவரோட ஒட்டிக்கிட்டேன். பாத்தா பேப்பர் போடறவன்."

"ரெண்டு வகுப்பு மட்டம் போட்டா மன்னிக்கலாம்," என்றார் பக்கத்துக் கட்டிலிலிருந்து வாத்தியார். "மூணாவதுக்கு டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்துடுவாங்க." அவருக்குக் காது மந்தம். அவர் பேசினால் மாடிப்படி வரை கேட்கும். அவரிடம் பேசுகிறவர்களும் அப்படியே பேசியாக வேண்டும். தையல்காரம்மா சிரிக்கவில்லை. நான் டாக்டருக்குப் போன் செய்தேன். குறைந்தது மூன்று மணி நேரமாவது ஓட்டியே ஆகவேண்டும், பாதியில் கழற்றினால் இன்று ராத்திரி தாங்கமாட்டாள் என்றார். எட்டரைக்கு இரண்டு பேருக்கும் மெஷினைப் போட்டேன்.

ஒன்பது ஐம்பதுக்கு, எங்களுக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். மூச்சு வாங்கியது. "மேல கதவைச் சாத்துங்க சிஸ்டர். ரெண்டு பைக் நம்ம தெருவுக்குள்ள வந்திருக்கு. நான் ஷட்டரை இறக்கிட்டேன். யார் தட்டினாலும் திறக்காதீங்க. யார் தட்டினாலும்."

கீழே தெருவில் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடவென்று இறங்கும் சத்தம். கதவைத் தாழ் போட்டேன். அது என்ன கதவு, ஓங்கி ஒரு உதை விட்டால் கழன்றுவிடும். காலிக் கட்டில் ஒன்றைத் தள்ளிக் கதவோடு முட்டுக்கொடுத்தேன். எடை பார்க்கும் மெஷினைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். அது எதைத் தடுத்திருக்கும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

தையல்காரம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "கழட்டி விடுங்க. நான் மொட்டைமாடிக்குப் போயிடறேன்."

"படுங்க."

"கழட்டுங்கன்னா. உங்களுக்கு ஓடறதுக்குக் கால் இருக்கு. நான் இப்படிக் குழாயில கட்டிப்போட்ட மாடு மாதிரிக் கிடந்தா?"

சட்டென்று கழற்ற முடியாது என்றில்லை. நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். குழாய்களைக் கவ்வி போட்டு அடைத்து, ஊசியைக் கையிலேயே விட்டு, ஆளை ஐந்து நிமிஷத்தில் எழுப்பிவிடலாம். ஆனால் மூன்று மணி நேரத்தில் ஒன்றே கால் மணிதான் ஆகியிருந்தது. "இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம். அதுவரைக்கும் நான் எங்கேயும் ஓடமாட்டேன்," என்றேன். சொன்னதும், ஏன் சொன்னோம் என்று இருந்தது.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கதவுக்கு அடியில் வெளிச்சம் வெளியே தெரியும். எந்தப் புண்ணியவானோ அதற்கான சுவிட்சை வராந்தாவில் வைத்திருந்தான். நான் யோசிக்கவில்லை. ஓடிப்போய் அறை மூலையில் இருந்த மின்பலகையில் அந்த லைனின் சுவிட்சையே கீழே இறக்கினேன்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மெஷின்களுக்கு பேட்டரி உண்டு, அவை ஓடின. ஆனால் அவற்றுக்குச் சுத்திகரித்த தண்ணீர் அனுப்பும் பம்பும் அதே லைனில்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம். தண்ணீர் நின்ற மறு நிமிஷம் இரண்டு மெஷின்களும் ஒரே நேரத்தில் அலறத் தொடங்கின.

அடுத்து நான் செய்தது இன்னும் பெரிய தப்பு. மெஷின் கத்தினால் நோயாளிகள் பயப்படுவார்கள். அதனால் பட்டனை அமுக்குவதற்கு முன்பே வாய் திறந்துவிடும். ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லிப் பழகிய வார்த்தை அது. வாத்தியாருக்குக் கேட்கவேண்டுமே என்று உரக்கச் சொல்லித்தான் பழக்கம். அன்றும் அப்படியே வந்தது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. இதோ வந்துட்டேன்."

சத்தத்தை நிறுத்தினேன். லைனை மறுபடி மேலே தூக்கினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகுதான் என் குரல் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது எனக்கு உறைத்தது. வாத்தியார் ஏதோ கேட்க வாய் திறந்தார். ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினேன்.

படியில் காலடி. ஒற்றை ஆள். வேகமாக ஏறிக்கொண்டிருந்தவன் எங்கள் கதவுக்கு வெளியே நின்றான்.

டொக் டொக்.

மெதுவாகத்தான் தட்டினான். விரல் முட்டியால். தையல்காரம்மா என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். வெளியே நின்றவன் பெயர் சொல்லவில்லை, குரல் கொடுக்கவில்லை. வெட்ட வந்தவன் இப்படித்தான் நைசாகத் தட்டுவான் என்று தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடிகாரம் பத்து மணி காட்டியது. அது டிரைவர் அண்ணனாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. தோன்றியும் நான் நகரவில்லை. உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் கால் வரவில்லை.

மறுபடி டொக் டொக். அதற்குப் பிறகு அந்த ஆள் போகவும் இல்லை, தட்டவும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் சும்மா நின்றான்.

எத்தனை வினாடி என்று தெரியாது. கீழேயிருந்து தடதடவென்று செருப்புச் சத்தம், இரண்டு மூன்று பேருடையது. யாரோ ஒருவன் சிரித்தான். கதவில் ஏதோ கனமாக மோதியது, கட்டில் ஒரு விரற்கடை நகர்ந்தது. ஒரு மனிதன் முனகினான். உடனே செருப்புச் சத்தம் கீழே இறங்கிற்று. பைக்குகள் உறுமிக்கொண்டு கிளம்பின. அவ்வளவுதான். முழுசாக ஒரு நிமிஷம்கூட இருக்காது.

மெஷின்கள் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தன. நான் வாத்தியாரின் வாயிலிருந்து கையை எடுத்தேன்.

"வெளியில மூச்சு கேக்குது," என்றாள் தையல்காரம்மா.

"பேசாம இருங்க."

"ஆள் இருக்கு சிஸ்டர். போய்ப் பாருங்க."

"திரும்பி வருவானுங்க. யார் தட்டினாலும் திறக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

"இப்ப யாரும் தட்டலையே," என்றாள். காலையில் பேப்பர்காரனுக்குப் பயந்து சுவரோடு ஒட்டியவள், கண்ணில் பயம் இருக்க இருக்கவே என்னை முறைத்தாள். "நீங்க போறீங்களா, இல்ல இந்த ஊசியைப் பிடுங்கிட்டு நான் போகட்டுமா?"

பிடுங்கினாலும் பிடுங்குவாள். நான் போனேன். கட்டிலை இழுக்கும்போது எடை மெஷின் விழுந்து உடைந்தது. தாழை நீக்கினேன்.

டிரைவர் அண்ணன் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே ஆழமாக வெட்டுப்பட்டு, வேட்டி நனைந்து, தரையில் ரத்தம் பரவியிருந்தது. இடது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்து, சுவருக்கும் தனக்கும் நடுவில் அழுத்தி வைத்திருந்தார். மெஷினுக்கான ரத்தக்குழாயை ஆபரேஷன் செய்து வைத்திருப்பது அந்தக் கையில்தான். அந்தக் கையில் வாட்ச்கூடக் கட்டக்கூடாது, அதன் மேல் படுக்கக்கூடாது, அதுதான் உங்கள் உயிர் என்று எல்லோருக்கும் ஓதுகிறவள் நான். அரிவாள் ஓங்கியபோது அவர் வலது கையைக் கொடுத்துவிட்டு இடது கையைக் காப்பாற்றியிருக்கிறார்.

"இது நல்லாத்தான் இருக்கு, பாருங்கம்மா," என்று அதை எடுத்து நீட்டினார். தொட்டேன். தோலுக்கு அடியில் ரத்தம் துடித்து ஓடியது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டேதான் அவரை உள்ளே இழுத்தேன், அழுதுகொண்டேதான் தாழ் போட்டேன், கட்டுத் துணியை வைத்து என் முழு எடையையும் போட்டுக் காயத்தை அழுத்தினேன். வாத்தியார் கட்டிலில் இருந்தபடியே ஆம்புலன்சுக்குப் போன் போட்டு, வகுப்பறைக் குரலில் விலாசத்தை மூன்று தடவை சொன்னார். ரோடு திறந்தால்தான் வரமுடியும், ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

அரை மணியில் ரத்தம் நின்றது. ஆனால் அவரும் இரண்டு முறை தவறவிட்டவர். நெஞ்சுக்குள் நீர் கட்டி, படுக்கவே முடியாமல் இளைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் போனில் யோசித்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் மெஷினில் போடு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து மட்டும் வேண்டாம், பக்கத்திலேயே இரு என்றார்.

மூன்றாவது மெஷினைத் தயார் செய்தேன். இடது கையைத் துடைத்து ஊசி ஏற்றினேன். ரத்தம் குழாயில் ஏறி, சுற்றி, திரும்பி அவருக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் இளைப்பு மட்டுப்பட்டது. பக்கத்தில் தையல்காரம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். அவளுக்கு இன்னும் அரை மணி பாக்கி இருந்தது.

"நான் ரெண்டு தடவை தட்டினேன்," என்றார் டிரைவர் அண்ணன். குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னார்.

"கேட்டுச்சு அண்ணே." பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "நீங்களா இருக்கும்னும் நெனச்சேன். பயத்துல திறக்கல."

அவர் தலையை ஆட்டினார். ஊசியின் மேல் நான் ஒட்டிய பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிடலாம்னுதான் பாத்தேன். சத்தம் போட்டா கீழே கேட்டுடுமேன்னு விட்டுட்டேன். மொட்டைமாடிக் கதவு திறந்துதான் இருந்துச்சு, அங்க ஓடியிருக்கலாம். ஆனா நான் படியேறும்போதே நீங்க உள்ளேயிருந்து சொன்னீங்களே, பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்னு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அது என்கிட்ட சொல்றீங்கன்னு நெனச்சேம்மா," என்றார். "அதான் அங்கேயே நின்னேன்."