பதினான்காம் பக்கத்து உப்பு

1

இந்தக் கதை ஒரு மோசமான வாக்கியத்திலிருந்து பிறந்தது. வாக்கியம் என்னுடையது. மூலிகைகளை அழிக்காமல் பறிப்பது, பக்குவமாக உலர்த்துவது பற்றிப் பெரியவர்களுக்கு நடந்த ஒரு பயிற்சிக்காக நான் எழுதிக் கொடுத்த கையேட்டில், பதினான்காம் பக்கத்தில் அது இருந்தது: "இலைகளில் பூசணம் பிடிக்காதவாறு தகுந்த முறையில் பாதுகாக்க வேண்டும்."

தகுந்த முறை என்றால் என்ன முறை? எனக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் 'தகுந்த முறையில்' என்று போட்டுவிட்டால், வாக்கியம் எல்லாம் தெரிந்த மாதிரி நடந்து போய்விடும். எழுதிப் பிழைக்கிற எல்லோருக்கும் இந்தக் கள்ளத்தனம் பழக்கம்தான். (எல்லோருக்கும் என்றது என் குற்றத்தைப் பங்கு வைக்க. எனக்குப் பழக்கம்.)

அந்த வாக்கியத்தை நம்பிய ஒருத்திக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் "போங்க தம்பி" என்று வாயை அடைத்துவிடுவாள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "முத்துக்குளித்துறையின் நீலக்கடல் மேல் பொன்னொளி பரவிய அந்தக் காலைப் பொழுதில் எமில்டா—"

அடித்துவிட்டேன். எமில்டா கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. அவளுக்கு வேலை கிடக்கும். (நேரில் அவர் எனக்கு அக்கா. கதைக்குள் 'அவள்' என்றால்தான் கிட்டப் போக முடிகிறது. கோபித்துக்கொள்ள மாட்டார்.)

இரண்டாம் தொடக்கம்: எமில்டாவுக்கு நாற்பத்தேழு வயது. திரேஸ்புரத்தில் இருபத்தைந்து வருஷமாகக் கருவாடு போட்டவள். மீனைக் கீறி, உப்பில் புரட்டி, காயவைத்து, கை இரண்டும் வெடித்து ரத்தம் கசிய ஆரம்பித்தது. இனி உப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உப்பத் தொடாம தூத்துக்குடியில எப்படி டாக்டர் பொழைக்கிறது?" என்று கேட்டாள். அதற்கு அவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையூரணியில் ஒரு கூடத்தில் மூன்று மாதப் பயிற்சி என்று கேள்விப்பட்டு அவள் வந்து சேர்ந்தாள். மொத்தம் பன்னிரண்டு பேர். சொல்லிக்கொடுத்தது நாசரேத்துக்காரி ஜெபசுதா. தாவரவியல் படித்தவள், முப்பத்தொரு வயது, மாணவர்கள் எல்லோரையும் விட இளையவள். பயிற்சி முடிவில் இவர்கள் உலர்த்திய இலையை ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் ஆள் வந்து பார்ப்பார். சரக்கு தேறினால் கம்பெனியின் உலர்த்தும் கூடத்தில் இவர்களுக்கு வேலை. எமில்டாவுக்கு உப்பில்லாத வேலை என்று கண்ணில் தெரிந்தது அது ஒன்றுதான்.

3

அவர்கள் பறித்த இலை சிறுகுறிஞ்சான். சர்க்கரை நோய்க்கு மருந்தென்று வெளிநாட்டுக்குப் போகிறது. முதல் நாள் ஜெபசுதா ஆளுக்கொரு இலையை மெல்லச் சொல்லி, பிறகு ஒரு கரண்டி சீனி கொடுத்தாள். இலை இனிப்பை அடக்கிவிட்டது; நாக்கில் சீனி மண்ணாகக் கிடந்தது.

"ஏளா, ரேஷன் சீனியவா குடுக்கா இவ?" என்று எமில்டா பக்கத்திலிருந்த செல்லத்தாயிடம் கேட்க, கூடமே சிரித்தது. சிரித்தவர்களில் நானும் உண்டு. கையேட்டுக்குக் குறிப்பெடுக்கிறேன் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஜெபசுதாவின் சட்டம் ஒன்றுதான். "மூணுல ஒரு பங்கு இலைதான் நமக்குக்கா. மிச்சம் கொடிக்கு. கொழுந்தத் தொடக்கூடாது. பறிச்ச கொடியில அடையாளத்துக்கு ஒரு நூலக் கட்டுங்க. புது இலை வந்து முத்துற வரைக்கும் அது கிட்டப் போகக்கூடாது."

பறிக்க அனுமதி கிடைத்தது ஒரு தோட்டத்தின் வேலியில் மட்டும். எமில்டா வீட்டிலிருந்து பச்சை வலைநூல் கொண்டுவந்து கொடி கொடியாக முடிச்சுப் போட்டாள். மற்றவர்கள் கட்டியதையும் அவிழ்த்து, "இது என்ன முடிச்சு, பாவாடை நாடாவா?" என்று திரும்பக் கட்டினாள்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவளை ரொம்ப நல்லவளாக எழுதுகிறேனோ? அதனால் சொல்லிவிடுகிறேன்: அடுத்தவள் பரப்பிய இலையைப் பார்த்தால் "இது காயல, செத்துக் கிடக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். செல்லத்தாய் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.)

4

பன்னிரண்டு பேர் பறித்த இலையும் கூடத்துத் தாழ்வாரத்தில் ஒன்றாகக் காய்ந்தது. காவல், முறை வைத்து. சனிக்கிழமை மத்தியானம் எமில்டாவின் முறை. மழைக்காலத் தொடக்கம். கொண்டல் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்தது. மொறுமொறு என்று இருந்த இலை தொட்டால் வளைய ஆரம்பித்தது.

ஜெபசுதாவுக்குப் போன் போட்டாள். நாசரேத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தவள் எடுக்கவில்லை. எமில்டா கையேட்டைத் திறந்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். பூசணம் பிடிக்காதவாறு. தகுந்த முறையில்.

திரேஸ்புரத்தில் அதற்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. எமில்டா எதிர்க்கடையில் ஒரு பாக்கெட் உப்பு வாங்கினாள். வெடித்த கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, ஓரம் நடு என்று பாராமல் சீராகத் தூவினாள். நல்ல வேலை செய்த நிறைவோடு வீட்டுக்குப் போனாள்.

(உப்பை விட்டு ஓடிவந்தவள் கையாலேயே உப்பு! இதை நானாகக் கற்பனை செய்திருந்தால் கொஞ்சம் அதிகம் என்று வெட்டியிருப்பேன்.)

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகப் பார்க்க வந்தாள். உப்பு காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்து இலைக்குள் இறக்கியிருந்தது. இலை கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. கழுவினால் அழுகும். கம்பெனி ஆள் சிவபாலன் வெள்ளிக்கிழமை வருகிறார். உப்பு போட்டது அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

5

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவள் வேலிக்குப் போனாள்.

மூன்றில் இரண்டு பங்கு இலை கொடியில் அப்படியே இருந்தது. இன்று பறித்து அறைக்குள் ஃபேனுக்கு அடியில் போட்டால் வெள்ளிக்குள் காய்ந்துவிடும். பழைய இலையைக் குப்பையில் தள்ளிவிடலாம். கேட்பாரில்லை. பதினோரு பேர் பிழைப்பும் தப்பும், அவள் பிழைப்பும் தப்பும். கொடிதான் செத்துப்போகும். கொடி வாய் திறந்து சொல்லப்போவதில்லை. எமில்டாவின் கண்ணிலிருந்து ஒரு துளி—

இல்லை. அழவில்லை என்று அவளே சொன்னாள். எரிச்சலாக வந்ததாம்.

இந்த இடத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் மொட்டையாகப் பறித்துவிடுகிறாள். எல்லோருக்கும் வேலை கிடைக்கிறது. எழுத எழுத நன்றாக வந்தது, அதனாலேயே பயந்து விட்டுவிட்டேன். இன்னொன்றில் ஜெபசுதா ஓடிவந்து கையைப் பிடிக்கிறாள். சினிமா. மூன்றாவது, நடந்தது. ஒரு மணி நேரம் வேலியோரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

திங்கள் காலை எல்லோர் முன்னும் எழுந்து நின்றாள்.

"இலையில நான்தான் உப்பு போட்டேன். எல்லாம் வீணாப் போச்சு."

செல்லத்தாய்தான் முதலில் கத்தினாள். "எங்க பொழப்புலயும் சேத்துப் போட்டுட்டியே, ஏளா!"

ஜெபசுதா தாழ்வாரத்துக்குப் போய் ஓர் இலையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "ஏன்க்கா உப்பு? யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

எமில்டா சொன்னாள்: "பழக்கம், டீச்சர்."

அவ்வளவுதான். கையேடு அவள் கக்கத்தில் இருந்தது. நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

6

மறு அச்சுக்காகப் பழைய பிரதிகளை வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவளுடைய பிரதியில், அந்த வாக்கியத்தின் கீழே பேனாவால் இரண்டு கோடு. அன்றைக்கே திரேஸ்புரத்துக்குப் போனேன்.

"ஏன்க்கா சொல்லல? தப்பு என் மேலல்லா?"

"சொல்லி? உங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டா என் இலை காஞ்சிருமா? அத விடுங்க தம்பி. இப்ப நான் சொல்லுதத எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன். புதிய பதினான்காம் பக்கம் அவளுடையது: "கொண்டல் காற்று ஏறினால் இலையை உடனே உள்ளே அள்ளு. வலைத்தட்டில் மெல்லிசாகப் பரப்பு. ஃபேன் போடு. மணிக்கொரு தரம் புரட்டு. உப்பு போடாதே." நான் எழுதியதிலேயே உருப்படியான பக்கம் அதுதான். அதில் ஒரு வார்த்தைகூட என்னுடையதில்லை. என் சோற்றையும் காப்பாற்றி, எனக்கு எழுதவும் சொல்லிக்கொடுத்தவளுக்கு இந்தக் கதையைத் தவிர வேறென்ன கொடுக்க முடியும் என்று தெரியவில்லை.

7

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சிவபாலன் வந்தார். ஜெபசுதா கறுத்த இலையை அப்படியே காட்டி, நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வேலி வரைக்கும் நடந்தார். கொடிகளைப் பார்த்தார். திரும்பி எமில்டாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார். அது என்னவென்றால்—

இதுவரை எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நிறுத்தச் சொன்னாள்.

"வேலை கெடச்சுதுன்னு எழுதுனா, உண்மையச் சொன்னதுக்குக் கூலி வாங்குன மாதிரி ஆயிரும். கெடைக்கலன்னு எழுதுனா, வாசிக்கிற ஒருத்தியும் நாளைக்கு வாயத் தொறக்க மாட்டா. ரெண்டும் வேண்டாம் தம்பி. அன்னைக்கு வேலியில ஒக்காந்திருந்தப்ப ரெண்டுல எதுன்னு எனக்கு மட்டும் தெரியுமா? வாசிக்கிறவங்களுக்கும் தெரிய வேண்டாம்."

அதனால் எனக்குத் தெரிந்த முடிவைச் சொல்ல மாட்டேன். நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வேலை கொடுங்கள், கொடுக்காமல் போங்கள். கொடியில் இருக்கிற மிச்ச இலையில் மட்டும் கை வைக்காதீர்கள்.