வெண்ணெய் நிற ஈரல்

உதயகலாவின் கொட்டிலில் கோழி ஏற்ற வந்த வியாபாரி லெனாட், மூன்றாவதையும் பிளந்து, ஈரலை உள்ளங்கையில் ஏந்தி அவளிடம் காட்டினான். கருஞ்சிவப்பாய் இருக்க வேண்டியது வெண்ணெய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. விரலால் அழுத்தினான். பிசுபிசுத்து உடைந்தது.

"மூண்டும் ஒரே மாதிரி, அக்கா. உதுகளுக்கு ஏதும் வருத்தமோ?"

உதயகலா கிட்ட வந்து பார்த்தாள். "விடிய வெட்டினதும் உப்பிடியே இருந்தது?"

"ஓம். கொழுத்த கோழியாக்கும் எண்டு நினைச்சுக் கட்டிக் குடுத்திட்டன்."

அந்த ஈரல் நெல்லியடிக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டது. மகள் கஜானிக்கு ஏழு மாதம். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொன்னதிலிருந்து அவளுக்கு ஈரல் கொடுக்கத் துடித்தவள் உதயகலா. கந்தசஷ்டி முடியட்டும் என்று காத்திருந்து, விரதம் முடிக்கும் பாறணைக்கு மறுநாளான இன்று காலையில்தான் மருமகனிடம் கொடுத்தனுப்பினாள்.

மகளுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் எடுத்தாள். மறுபடியும் ஓய்ந்தது.

லெனாட் கத்தியைக் கழுவி வைத்தான். "நான் இண்டைக்கு ஒண்டும் ஏத்தேல்லை. குறை நினையாதேங்கோ. குருநகரிலை எங்கடை சனம் ஈரலைப் பாத்துத்தான் கோழி வாங்கும்." மிருக வைத்தியரை அழைத்ததும் அவன்தான்.

டொக்டர் வித்தியா கையுறையோடு கொட்டிலுக்குள் போய்வந்தாள். கோழிகள் தீன் தட்டில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. ஈரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"செத்தது ஏதும் இருக்கோ, அக்கா?"

"இல்லை."

"இடையிலை தீன் நிப்பாட்டினனீங்களோ?"

"இல்லை." யோசிக்க முன்னமே வாய் சொல்லிவிட்டது.

விரத நாளில் ஊரில் கோழி விலைப்படாது. விற்காத கோழி தின்று பருத்தால் பாரம் தாங்காமல் காலூன்றி நிற்காது. அதனால் கடைசி இரண்டு நாளும் தண்ணீர் மட்டும் வைத்தாள். பாறணையன்று, மறுநாள் லெனாட் வரும்போது இரைப்பை வெறுமையாய் இருக்கக் கூடாதென்று, தட்டு வழிய வழியக் கொட்டினாள். முருகனுக்கு விரதமிருந்த நாளில் வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டேன் என்று, அதுவும் வேதக்காரனான லெனாட் கேட்க, எப்படிச் சொல்வது?

"அப்ப வருத்தம் எண்டுதான் நான் யோசிக்கவேணும்," என்றாள் வித்தியா. "ஆய்வுக்கு மாதிரி அனுப்பி முடிவு வருமட்டும் ஒரு கோழியும் வெளியாலை போகக்கூடாது. இண்டைக்கு ஆராவது சாப்பிட்டிருந்தா அவையையும் பாக்கவேணும்."

உதயகலா கையிலிருந்த போனைப் பார்த்தாள். "என்ரை பிள்ளை சாப்பிட்டிருப்பாள், டொக்டர். வயித்துப்பிள்ளைக்காரி. நான் பொய் சொல்லிப்போட்டன். ரண்டு நாள் பட்டினி போட்டனான். பேந்து அள்ளிக் கொட்டினன்."

லெனாட் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "அக்காவும் சஷ்டி, கோழியும் சஷ்டி."

"பாறணையும் குடுத்திருக்கிறா," என்றாள் வித்தியா, சிரிக்காமல். "கோழிக்குக் கொழுப்புச் செய்யிற இடமே ஈரல்தான், அக்கா. பட்டினியிலை அந்த வேலை நிண்டுபோகும். பேந்து ஒரேயடியாத் தீன் கிடைச்சால், முந்திச் செய்ததைவிடக் கூடச் செய்யும். ஈரல் வெளுத்து வீங்கினது அதாலைதான் இருக்கவேணும்."

"சாப்பிட்டால்?"

"கொழுப்புத்தான், நஞ்சில்லை. எண்டாலும் ஒரு துண்டு அனுப்பிப் பாப்பம்."

அந்த 'எண்டாலும்' உதயகலாவின் நெஞ்சில் முள்ளாய் நின்றது. திரும்பவும் போன் எடுத்தாள். இம்முறை கஜானி எடுத்தாள்.

"குளிச்சுக்கொண்டு நிண்டனான் அம்மா. என்ன இத்தினை தரம் அடிச்சிருக்கிறியள்?"

"ஈரல் சாப்பிட்டனியோ?"

"ஓம், முழுக்க. ஏன்?"

வித்தியா ஈரல் துண்டு போட்ட போத்தலின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்டுமில்லை. வயித்துக்குள்ளை பிள்ளை துடிக்குதோ?"

"இப்ப இல்லை. நித்திரையாக்கும்."

"சரி. போனை வையாதை," என்றாள் உதயகலா. "அது துடிக்குமட்டும் நான் இப்பிடியே நிக்கிறன்."