நாலாம் நம்பர் மணி

ஆயிரம் வெண்கல மணிகளுக்கு நடுவில் என் மணியை வைத்து அடித்தாலும், இது நான் சுருதி சேர்த்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டுக் கேட்டு என் வீட்டுக்காரருக்குக் காது புளித்துவிட்டது. "உனக்குக் காது நல்ல காதுதான். வாய் அதைவிட நல்லா வேலை செய்யுது" என்பார்.

வார்ப்பு அவர் வேலை. வெண்கலத்தை உருக்கி மண் அச்சில் ஊற்றி, ஆறவிட்டு, அச்சை உடைத்து மணியை எடுத்துத் தருவார். அப்போது அதற்குத் தொண்டை கட்டியிருக்கும். உள்விளிம்பில் அரம் போட்டு, அடித்துக் கேட்டு, மறுபடி அரம் போட்டு நான் அதைப் பேச வைக்க வேண்டும். அரம் போடப் போடச் சுருதி இறங்கும். இறங்கியதை ஏற்ற முடியாது. ஒரு இழுப்பு கூடிப்போனால் மணி மறுபடி உலைக்குத்தான். அதனால் எங்கள் தெருவில் அரம் பிடிப்பவளுக்கு மரியாதை அதிகம், திமிரும் அதிகம்.

என் திமிருக்கு ஒரே ஒரு முட்டுக்கட்டை, என் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. அவளும் அரம் பிடிப்பவள்தான். முன்பு இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பட்டறை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட மணி, சத்தம் சரியில்லை என்று திரும்பி வந்தது. நான் அவள் கை என்றேன், அவள் என் கை என்றாள். யார் கை என்று இன்றுவரை தெரியாது. ஆனால் பட்டறைக்கு நடுவே செங்கல் சுவர் எழுந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் தினமும் ஒன்றாக டீ குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுடையது தெருவின் கடைசி வீடு. ஒரு பக்கம் சந்து, மறுபக்கம் அவள்.

பிரச்சினை வெளியிலிருந்து வந்தது. பெரிய ஊர்க் கடைகளில் எங்கள் தெருப் பெயரை அச்சடித்த பெட்டிக்குள் யாரோ மெஷின் மணியைப் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். அடித்தால் டிபன் பாக்ஸ் கீழே விழுந்த மாதிரி இருக்கும். வாங்கியவர்கள் எங்களைத் திட்டினார்கள். வாடிக்கைக் கடைகள் ஒவ்வொன்றாக ஆர்டரைக் குறைத்தன.

எனக்கு ஒரு யோசனை வந்தது. தெருப் பெயரை என் பெயரில் டிரேட்மார்க்காகப் பதிந்துவிட்டால்? மெஷின்காரனும் அதைப் போட முடியாது, ஓரகத்தியும் போட முடியாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனேன். சின்ன வயசுப் பெண். ஆனால் விஷயம் தெரிந்தவள்.

"தெருப் பேரை ஒருத்தருக்கு மட்டும் எழுதித் தரமாட்டாங்கம்மா" என்றாள். "அது எல்லாரும் தண்ணி எடுக்கிற கிணறு மாதிரி. அதுக்கு புவிசார் குறியீடுன்னு ஒண்ணு இருக்கு. உங்க சங்கம் விண்ணப்பிக்கணும். கிடைச்சா, தெருவில மணி செய்யிற எல்லாருக்கும் அந்தப் பேர் சொந்தம், வெளியாள் தொட முடியாது. உங்களுக்குன்னு தனியா வேணும்னா, மணிக்குள்ள ஒரு இலை கீறுறீங்களே, அதை டிரேட்மார்க்கா பதிஞ்சுக்கலாம். தெருப் பேர் எங்க செஞ்சதுன்னு சொல்லும். இலை யார் செஞ்சதுன்னு சொல்லும்."

"அப்போ அவளுக்கும் தெருப் பேர் உண்டா?"

"எவளுக்கு?"

என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

சங்கம் கூடியது. விண்ணப்பத்தில் எல்லை குறிக்க வேண்டும், எந்த இடத்தில் செய்த மணிக்கு இந்தப் பெயர் என்று. அந்தச் சமயம் ஓரகத்தி மெயின் ரோட்டில் உயரமான கூரை போட்ட பெரிய கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தாள். கூடம் தயாரானதும் குடி போகப் போகிறாள் என்று தெருவே பேசியது. விடுவேனா? எழுந்து நின்றேன். "பேர் தெருவோடதுன்னா, தெருவுக்குள்ள, சுவரோட சுவர் ஒட்டின வீட்டுல செஞ்சாதான் பேர். மெயின் ரோடு கணக்குல வராது" என்றேன். சங்கம் அப்படியே எழுதிக்கொண்டது. ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர், "எதிரிக்குச் சகுனம் கெடணும்னு தன் மூக்கை அறுத்துக்கிட்ட கதையா இருக்கு" என்றார்.

"இதுல என் மூக்குக்கு என்ன வந்துது?"

"பாத்துக்கிட்டே இரு."

விண்ணப்பம் ஒரே ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டது. இந்த மணிக்கு இந்த ஒலி வருவதற்கும் இந்த இடத்துக்கும் என்ன தொடர்பு? அச்சு மண்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தோம். ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிட்டு, இதே மண் ஆற்றோரத்தில் பத்து ஊரில் கிடைக்கிறது என்றார்கள். தண்ணீர் என்றோம். அந்தத் தண்ணீர் பக்கத்து ஊருக்கும் அதே குழாயில்தான் போகிறது. வக்கீலம்மா முகம் வாடிவிட்டது. "நேர்ல பாக்க அதிகாரிங்க வர்றாங்க. அன்னிக்கும் இதுக்குப் பதில் இல்லன்னா விண்ணப்பம் நிக்காது. மெஷின்காரன் பாட்டுக்கு உங்க பேர்ல வித்துக்கிட்டே இருப்பான்" என்றாள்.

அதிகாரிகள் மூன்று பேர் சங்கக் கூடத்துக்கு வந்தார்கள். அதில் ஒருவர் ஒலியைப் பற்றிப் படித்த அம்மா. மேஜைமேல் எட்டு மணிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, மேலே துணி மூடி, நம்பர் ஒட்டினார். ஆறு எங்கள் தெருவில் ஆறு பேர் சுருதி சேர்த்தவை, இரண்டு வெளியூர் மணி. அரம் பிடிக்கும் எங்களிடம் முதலில் வெளியூர் மணிகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார். இரண்டே நிமிஷத்தில் இரண்டையும் ஒதுக்கிவிட்டோம்.

"சரி. இப்ப மீதி ஆறுல, அவங்கவங்க மணி எதுன்னு சொல்லுங்க."

கேட்க வேண்டுமா? நான்தான் முதல் ஆளாகப் போய் நின்றேன். ஒவ்வொன்றாக அடித்தார். நாலாவதை அடித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெற்ற பிள்ளை கூப்பிட்ட மாதிரி இருந்தது. "நாலு! இதுதான். இன்னொரு தடவை அடிக்கவே வேணாம்" என்றேன்.

அந்த அம்மா துணியை விலக்கி மணியைக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே இலை இல்லை. மீன் இருந்தது. மீன் என் ஓரகத்தியின் அடையாளம்.

வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அடுத்து வந்த நாலு பேரும் தப்பாகவே சொன்ன பிறகுதான் சிரிப்பு அடங்கியது. ஓரகத்தி மட்டும் எழுந்திருக்கவே இல்லை. "எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டாள். நல்லவேளை, மானத்தைக் காப்பாற்றிக்கொண்டாள் என்று பொருமினேன்.

ஒலி படித்த அம்மா சிரிக்கவில்லை. "ஆறு பட்டறை, ஆறு கை, ஆனா ஒரே குரல். வெளியூர் மணி எதுவும் இதோட சேரல. சுருதி பாக்கக் கருவி ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"பின்ன எப்படி ஒண்ணா வருது?"

பதில் எனக்குத் தெரியும். நாலாம் நம்பர் மணியின் வயிற்றில் மீனைப் பார்த்த அந்த நொடியே தெரிந்துவிட்டது. தினமும் காலையில் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு தட்டு தட்டுவாள். அதற்கப்புறம்தான் என் கை ஓடும். அவள் எங்கே தப்புப் பண்ணுகிறாள் என்று பார்க்கத்தான் கேட்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரம் போட்டுக்கொண்டே வந்து, என் மணி அவள் மணியோடு போய் ஒட்டும் இடத்தில் கையை எடுத்துவிடுவேன். பதினோரு வருஷமாக நடந்தது இதுதான்.

சொன்னால் இருபத்தாறு வருஷப் பெருமை போகும். சொல்லாவிட்டால் தெருப் பெயர் போகும். வக்கீலம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ.

எழுந்தேன். "மேடம், பக்கத்து வீட்டு மணி கேக்காம எனக்கு அரம் ஓடாது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். "என் ஓரகத்தி மணியைக் கேட்டுத்தான் நான் சுருதி சேக்கிறேன். நடுவுல ஒரு சுவர்தான். எல்லாம் கேக்கும்."

பிறகு ஓரகத்திக்கு அடுத்த வீட்டுக்காரி, "நானும் அவங்க பக்கம் கேட்டுத்தான்" என்றாள். அவளுக்கு அடுத்தவள், "நான் இவங்களது" என்றாள். அப்படியே சுவர் சுவராகத் தெரு முழுக்கப் போய், எதிர் வரிசைக்கும் தாவிவிட்டது. ஒருவரும் தன் காதை மட்டும் நம்பி அரம் பிடிக்கவில்லை.

அந்த அம்மா மளமளவென்று எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டினார். "சுவர் ஒட்டிய பட்டறைகளில், அண்டைப் பட்டறையின் மணியொலியைக் கேட்டபின் சுருதி சேர்க்கப்படுகிறது." பிறகு சொன்னார், "மண்ணு, தண்ணியெல்லாம் வேணாம். உங்க இடம் இதுதான். எல்லையும் கச்சிதமா போட்டிருக்கீங்க."

"இனிமே சட்டப்படி நீ அவளைக் கேட்டுத்தான் நடக்கணும்" என்று இவர் என் காதோடு முணுமுணுத்தார்.

எல்லோரும் திரும்பி ஓரகத்தியைப் பார்த்தார்கள். எல்லைக்கு வெளியே போகப் போகிறவள் அவள் ஒருத்திதானே. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அடுத்த மாதம் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு பக்கம் சந்து, மறுபக்கம் வெறும் வீடு. இலையை டிரேட்மார்க்காகப் பதிந்து என்ன செய்வேன்? அதைக் கீற என்னிடம் மணி இருக்காது. அறுந்தது யார் மூக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் அவள் பின்னாலேயே ஓடினேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவள் பட்டறைக்குள் கால் வைத்தேன். மணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இந்தா பாரு, உன்னை வெளிய தள்ளத்தான் எல்லையை அப்படிப் போட்டேன். புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன்" என்றேன். "நீ போகாத. பேருக்காகச் சொல்லல. நீ போயிட்டா எனக்குக் கை ஓடாது. அவ்வளவுதான்."

அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரித்தது.

"நான் எங்க போறேன்? சாவியைப் போன வாரமே திருப்பிக் குடுத்தாச்சு."

"என்னது?"

"போகறதுக்கு முன்னாடி ஒத்திகை பாக்கலாம்னு, நீங்க ஊருக்குப் போயிருந்த மூணு நாளும் அங்க போய் உக்காந்தேன். பன்னெண்டு மணியை அரம் போட்டுப் பாத்தேன். ஒண்ணுகூடச் சேரல, எல்லாம் உலைக்குப் போச்சு. காது போயிடுச்சோன்னு பயந்து டாக்டரைப் போய்ப் பாத்தேன். காது நல்லாத்தான் இருக்கும்மா, அடுத்தவங்க பேசறதைக் கேளுங்கன்னு கிண்டல் பண்ணி அனுப்பிட்டார். நாலாம் நாள் இங்க வந்து உக்காந்தேன். நீங்க ஒரு தட்டு தட்டினீங்க. கை தானா ஓடிச்சு, அக்கா."

அக்கா என்ற அந்தச் சொல் என்னை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அதட்டினேன். "அப்பவே தெரியும்ல உனக்கு? அப்போ அங்க கூடத்துல எழுந்து சொல்றதுக்கென்ன? என்னை ஏன் அவமானப்பட விட்ட?"

"நீங்க சொல்வீங்களான்னு பாத்தேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.