ஏலத்துக்கு வந்த தங்கப் பணம்

முத்தையாபுரம் ஏசுவடியானுக்குக் காசுப் பைத்தியம். அதுவும் செலவழிக்கிற காசு மேல் இல்லை, டின்னில் போட்டு வைத்துப் பார்க்கிற காசு மேல். துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. கப்பல்காரர்களிடம் பல்லை இளித்து வாங்கிய செம்பும் வெள்ளியும் பிஸ்கட் டின் நிறையக் கிடந்தன. தங்கத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் தங்கம் விற்ற விலைக்கு ஒரு பவுன் காசு வாங்கினால் வீட்டில் உலை வைக்க முடியாது. அந்தக் குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை, தாணுலிங்கம் அண்ணாச்சியின் நகைக்கடையில் வழி பிறந்தது. பழைய காலத்துத் தங்கப் பணம் என்கிற குட்டிக் காசு, துவரம்பருப்பைத் தட்டிவிட்ட மாதிரி ஒன்று.

"சின்னதுன்னு பாக்காதேயும். ராசா அடிச்ச காசுல்லா! முப்பது ரூவா தாரும், போதும்" என்றார் அண்ணாச்சி.

ரோஸ் தாளில் மடித்து வாங்கிய பொட்டலத்தை பஸ்ஸில் வீடு வரைக்கும் தடவிக்கொண்டே வந்தார். மறுநாள் அவருக்குக் கல்யாண நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, மனைவி அற்புதமணி சிரித்த முகமாக இருக்கும்போது காட்டலாம் என்று, கோயிலுக்குப் போட்டுப்போகிற சட்டைப் பையில் ஒளித்து வைத்தார். காலையில் அவள் ஐந்து ரூபாயை வெள்ளைத் தாளில் மடித்து, "கல்யாண நாள் காணிக்கை, மறக்காமப் போடுங்க" என்று கொடுத்தாள். அதையும் அதே பையில் போட்டுக்கொண்டார்.

கோயிலில் பாட்டு நடக்கையில் காணிக்கைப் பை வந்தது. கண்ணை மூடி உருகிப் பாடிக்கொண்டே கைக்கு அகப்பட்ட பொட்டலத்தைப் போட்டார். பை நாலு வரிசை தாண்டிய பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தால், மிச்சம் இருந்தது வெள்ளைப் பொட்டலம். ஆண்டவருக்குப் போட்டதை எழுந்து நின்று திருப்பிக் கேட்க எவனுக்கு முகம் வரும்?

ஒரே வழி ஏலம்தான். காணிக்கையாக வருகிற கோழி, பூசணி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் உபதேசியார் வாசலில் ஏலம் விடுவார். தங்கமும் அங்கேதான் வரும். ஆனால் ஏசுவடியானே கேட்டால், 'காசுப் பைத்தியம் கேக்குதான், என்னமோ விசேஷம் இருக்கு' என்று ஊரே விலையை ஏற்றிவிடும். பக்கத்து வீட்டு ஜேசுதாசனைத் தனியாக இழுத்தார்.

"ஏலே, எனக்காக நீ கேளு. அம்பது வரைக்கும் போ. என் பேரை மட்டும் சொல்லிராத."

சொல்லிவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"யாரோ ஒரு நல்ல மனசுக்காரரு தங்கமே போட்டிருக்காரு! பத்து ரூவா!" என்று உபதேசியார் ஆரம்பித்தார்.

ஜேசுதாசன் பதினைந்து என்றான். பெண்கள் பக்கத்திலிருந்து, "இருவது!" என்று ஒரு குரல். உப்பளக்காரர் பெண்சாதி கிருபை. கோழி ஏலத்துக்குக்கூட வாய் திறக்காதவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது? அவன் ஏற்ற, அவள் ஏற்ற, ஜேசுதாசன் ஐம்பதில் போய் முட்டிக்கொண்டான்.

"அம்பத்தொண்ணு" என்றாள் கிருபை, அலட்டிக்கொள்ளாமல்.

ஏசுவடியான் பல்லைக் கடித்தார். உப்பளத்தில் அள்ளுகிறது போதாதா இவளுக்கு?

வீட்டில் கோழிக்குழம்பைப் பாதியிலேயே தள்ளி வைத்தார். கை கழுவிவிட்டு வந்ததும் அற்புதமணி வந்து எதிரே நின்றாள்.

"கையை நீட்டுங்க."

உள்ளங்கையில் ரோஸ் தாள்!

"உங்களுக்குத் தெரியாம இருக்கணும்னு கிருபை அக்காவ விட்டுக் கேக்கச் சொன்னேன். முட்டை வித்துச் சேத்த காசு. பவுனுக்குத்தான் நமக்கு வழியில்லே, உங்க முதத் தங்கம் இதாவது இருக்கட்டுமேன்னு நெனச்சேன். இருவதுல முடிஞ்சிருக்கும். அந்த ஜேசுதாசன் அண்ணனுக்கு என்ன கிறுக்கோ, விடாம ஏத்திட்டாரு!"

ஏசுவடியானுக்குக் கண் கலங்கிவிட்டது. இவளைக் கட்டியதற்கே ஆண்டவருக்கு இன்னொரு காணிக்கை போட வேண்டும் என்று தோன்றியது. கூடவே, நடந்ததை மூச்சு விடக் கூடாது என்றும் முடிவு செய்துகொண்டார்.

அற்புதமணி துவைக்கப் போடலாம் என்று கொடியில் கிடந்த கோயில் சட்டையை எடுத்தாள். பையைத் துழாவினாள்.

"என்னங்க, காணிக்கை இங்கன இருக்கு! அப்போ அங்கன என்னத்தப் போட்டீங்க?"

ஏசுவடியான் உள்ளங்கையை மறுபடியும் நீட்டினார்.

அவள் காசைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு சட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அப்போ கிறுக்கு ஜேசுதாசன் அண்ணனுக்கு இல்ல!"